குரலா, பெயரா, முகமா, இயக்கமா? இரண்டு படங்களுக்கு நடுவே ஆவணப்படம் செய்ய நினைக்கும் நடிகைக்கு

ஒரு நடிகையின் அடுத்த படங்கள் என்று வரும் செய்திகளின் கடைசி வரியில் ஓர் ஆவணப்படமும் இடம்பிடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 2024-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். பிரியங்கா சோப்ரா புலியைப் பற்றிய டிஸ்னி நேச்சர் படத்துக்குக் குரல் கொடுத்தார். ஆஸ்கர் பரிந்துரை பெற்ற 'டு கில் எ டைகர்' படத்தில் நிர்வாகத் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஒரு பெண் நடந்துபோன பயணத்தைச் சொல்லும் 'விமன் ஆஃப் மை பில்லியன்' அவருடைய நிறுவனத்தின் துணையோடு பிரைம் வீடியோவுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று, நயன்தாராவின் 40-ஆவது பிறந்தநாளில், அவர் வாழ்க்கையைச் சொல்லும் ஆவணப்படம் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. இதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே, சிறுவயதில் நடிக்க வந்தவரான ரோகிணி, குழந்தை நட்சத்திரங்களைப் பற்றித் தானே ஓர் ஆவணப்படம் இயக்கியிருக்கிறார்.

செய்தியில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: "ஆவணப்படத்தில் பணியாற்றுகிறார்." வேலையில் இவை நான்கு தனித்தனித் தொழில்கள்: குரல் தருவது, நிர்வாகத் தயாரிப்பாளராகப் பெயர் தருவது, தன் கதைக்கு முகம் தருவது, தானே இயக்குவது. ஒன்றுக்கு மூன்று நாள் போதும். இன்னொன்று மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும். ஒன்றில் வழக்கு வர வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம், இன்னொன்றில் மூன்று நொடிக் காட்சிக்கு நீதிமன்றம் போக நேரலாம். எதைத் தேர்வது என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்யும். கையில் உண்மையாகவே எத்தனை நாள் காலியாக இருக்கிறது? எடிட்டிங் அறையில் கடைசிச் சொல் யாருடையது?

முதலில் தேதிகள்

ஆவணப்படம் முதலில் மோதப்போவது கால்ஷீட்டோடுதான். கதாநாயகியின் தேதிகள் தொகுப்பாகப் போகும்: ஓர் ஊரில் 15 நாள், பிறகு இடைவெளி, பாட்டுக்கு 5 நாள், கடைசியில் விட்டுப்போன சிறு காட்சிகளை எடுக்கும் பேட்ச் வொர்க். செட் தாமதமானாலும், மழை கெடுத்தாலும், நாயகனின் தேதி நகர்ந்தாலும், முதலில் கரைவது இந்த இடைவெளிகள்தான். மேலாளரின் டைரியில் வெள்ளையாகக் கிடக்கும் நாட்களில் பாதி இல்லை என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும். பெரிய பட்ஜெட் படத்தில் இருப்பவர் பாதியைவிடக் குறைவாகவே நம்பலாம்.

தேதிக்கு அடுத்து, ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள். அவற்றைத் திரும்ப எடுத்துப் படிக்கும்போது கெட்டப் பற்றிய பிரிவை முதலில் பார்க்க வேண்டும். படம் முடியும்வரை தலைமுடியின் நீளம், நிறம், உடல் எடை மாறக்கூடாது என்றும், அந்தத் தோற்றத்தில் வெளியே கேமரா முன் வரக்கூடாது என்றும் இருந்தால், முகம் காட்டும் ஆவணப்படம் அதோடு நிற்கும். குரல் மட்டும் தருவதற்குத் தடையில்லை. அடுத்து, விளம்பர ஒப்பந்தங்கள். குளிர்பான விளம்பரத்தில் இருப்பவர் நிலத்தடி நீரைப் பற்றிய படத்துக்கும், சிகப்பழகு க்ரீம் விளம்பரத்தில் இருப்பவர் நிறப் பாகுபாட்டைப் பற்றிய படத்துக்கும் பெயர் கொடுத்தால், விளம்பர நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் ஒரு பக்கம், ரசிகர்களின் நியாயமான கேள்வி இன்னொரு பக்கம். அந்த விளம்பரம் முடியும் தேதியைப் பார்த்து, அதற்குப் பிறகே ஆவணப்பட ஒப்பந்தத்தைத் தொட வேண்டும். ஓடிடி தொடரில் நடித்துக்கொண்டிருந்தால் வேறு தளத்துக்கு வேலை செய்யக்கூடாது என்ற பிரத்யேகப் பிரிவு ஏதும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கதையில்லாப் படங்களும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

குரல்: மூன்று நாள் வேலை, ஆனால் சும்மா வராது

நடிகைக்கு மிக எளிய வழி விவரணை, அதாவது காட்சிகளுக்குப் பின்னணியில் உரையை வாசிப்பது. படத்தின் நீளம் 50 நிமிடம் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் பொதுவாகக் குரல் இருக்கும். தமிழில் தெளிவாக வாசிக்க நிமிடத்துக்கு 90 முதல் 110 சொல் என்று கொள்ளலாம். ஆக 17 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,700 சொல். ஒரே நாளில் பதிவு செய்துவிட முடியும். இருந்தாலும் முதல் நாள் எழுத்தாளரோடு உட்கார்ந்து வாசித்துத் திருத்த, இரண்டாம் நாள் பதிவுக்கு, மூன்றாம் நாள் சில வாரம் கழித்து வரும் மறுபதிவுக்கு என மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்றாம் நாளை ஒப்பந்தத்தில் எழுதாமல் விடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. எடிட்டிங் கடைசிவரை மாறிக்கொண்டே இருக்கும். ஓர் ஊர்ப் பெயரோ, ஓர் எண்ணிக்கையோ மாறினால் அந்த வாக்கியத்தைத் திரும்பப் பேசியே ஆக வேண்டும்.

மறுபதிவில் குரல் ஒட்டாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் குரல் இல்லை, மைக். முதல் நாள் எந்த மைக், உதட்டுக்கும் அதற்கும் எத்தனை தூரம், உட்கார்ந்தா நின்றா, காலையா மாலையா என்று ஒலிப்பதிவாளர் எழுதி வைக்க வேண்டும். கன்டென்ஸர் மைக்குக்கு ஒரு சாண் தூரம் சரி. அறையின் அமைதியை 30 நொடி தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் வாக்கிய இடைவெளிகளை நிரப்ப உதவும். வளையல், ஜிமிக்கி, பட்டு, சரசரக்கும் துப்பட்டா எதுவும் கூடாது. பருத்தி உடையே நல்லது. பதிவுக்கு முன் பால், தயிர் சாப்பிட்டால் வாய் பிசுபிசுத்து ஒவ்வொரு சொல்லிலும் சிறு சொடுக்குச் சத்தம் விழும். வெந்நீரும் பச்சை ஆப்பிள் துண்டும் அதைக் குறைக்கும். தாள்கள் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தவையாக இருக்க வேண்டும், ஒரு பத்தி இரண்டு தாளுக்கு உடையக்கூடாது. தாள் புரட்டும் சத்தம் ஒரு வாக்கியத்தின் மேல் விழுந்தால் அந்த வாக்கியமே போச்சு.

டப்பிங்கில் பழகிய நடிகைகள் இதில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டப்பிங்கில் திரையில் இருக்கும் உதட்டுக்கும் உணர்ச்சிக்கும் குரல் ஓடிப்போய்ச் சேர வேண்டும். விவரணையில் திரையில் இருப்பவர் அழுதால், பேசும் குரல் அழக்கூடாது. படம் ஏற்கெனவே சொல்லிவிட்டதைக் குரலும் அழுத்தினால் பார்வையாளர் விலகிப்போவார். முதல் இரண்டு பக்கத்தை இயக்குநர் எதிரே உட்கார்ந்து கேட்க, அவரிடம் சொல்வதுபோலப் பேசிப் பார்ப்பது இதற்கு நல்ல பயிற்சி. ரகசியம் பேசுவதுபோல மென்மையாகப் பேசுவதும் ஆபத்து. இசையும் காட்டுச் சத்தமும் சேர்ந்தபின் செல்போனில் பார்க்கும்போது அந்தக் குரல் மூழ்கிவிடும்.

கடைசிச் சொல் இங்கே முழுக்க இயக்குநருடையது. அதனால் ஒப்பந்தத்தில் கேட்டுப் பெற வேண்டியது ஒன்றுதான்: தன் குரலில் வரும் உரையைப் பதிவுக்கு முன் முழுதாகப் படிக்கவும், தகவல் பிழை இருந்தால் அந்த வரியைப் பேச மறுக்கவும் உரிமை. இப்போது இன்னொன்றையும் சேர்த்தாக வேண்டும். பதிவு செய்த குரலை வைத்துச் செயற்கை நுண்ணறிவால் புதிய வாக்கியங்களையோ வேறு மொழிப் பதிப்பையோ உருவாக்கக்கூடாது. இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

பெயர்: எடிட்டிங் முடியும் நேரத்தில் உள்ளே வருவது

சிறிய ஆவணப்படங்களை எடுப்பவர்கள் உண்மையில் ஏங்குவது, ஒரு நடிகை நிர்வாகத் தயாரிப்பாளராகப் பெயர் தருவதற்குத்தான். படம் எடுக்கப் பணம் எப்படியோ கிடைத்துவிடுகிறது, பார்க்க ஆள் கிடைப்பதில்லை. 'டு கில் எ டைகர்' 2022-இல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டு விருதும் வாங்கியது. நெட்ஃபிளிக்ஸில் வந்தது 2024-இல். பிரியங்கா சோப்ராவும் மிண்டி கேலிங்கும் தேவ் பட்டேலும் நிர்வாகத் தயாரிப்பாளர்களாகச் சேர்ந்த பிறகு, ஜார்க்கண்டில் மகளுக்காக நியாயம் கேட்ட ஒரு விவசாயியின் கதையை ஆவணப்படமே பார்க்காதவர்களும் கேள்விப்பட்டார்கள். நடிகையின் பெயர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்பது எங்கள் கருத்து. கையில் இரண்டு மூன்று படம் இருக்கும் நடிகைக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

ஆனால் பெயர் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், படத்தின் குறைகளும் அந்தப் பெயர் மேலேயே விழும். சேர்வதற்கு முன் ரஃப் கட்டை (முழுதாக மெருகேறாத முதல்கட்ட எடிட்டை) இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை தனியாக, இடையில் நிறுத்தாமல். இரண்டாம் தடவை வக்கீலோடு, ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் நிறுத்தி. அப்போது கேட்க வேண்டிய காகிதங்கள் இருக்கின்றன. திரையில் அடையாளம் தெரியும்படி வரும் ஒவ்வொருவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். அது அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா, படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிச் சாட்சிக் கையெழுத்து வாங்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடுத்தது, பழைய காட்சிகள், செய்தித் துணுக்குகள், புகைப்படங்கள் எல்லாவற்றின் உரிமைப் பட்டியல். மூன்றாவது இசை. பணமில்லாத தயாரிப்பாளர்கள் பாட்டுக்குத் திரைப்பட விழா உரிமை மட்டும் மலிவாக வாங்கியிருப்பார்கள். ஓடிடி தளம் உலகம் முழுமைக்கும் எல்லா ஊடகத்துக்கும் உரிமை கேட்கும்போது அதே பாட்டுக்குத் திரும்பப் பேரம் பேச வேண்டி வரும். விலை கட்டுப்படியாகாவிட்டால் பாட்டை எடுத்துவிட்டு அந்தக் காட்சியையே மறுபடி வெட்ட வேண்டும்.

படத்தில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடத் தடை செய்கிறது. சிறப்பு நீதிமன்றம் குழந்தையின் நலன் கருதி எழுத்தில் அனுமதித்தால்தான் விலக்கு. பெற்றோர் சம்மதித்தார்கள் என்பது மட்டும் போதாது. 'டு கில் எ டைகர்' படத்தில் வரும் பெண், சம்பவம் நடந்தபோது 13 வயதுச் சிறுமி. 18 வயதான பிறகு அவரே பார்த்து முடிவெடுத்த பின்னர்தான் முகத்தை மறைக்காமல் வெளியிட்டார்கள். அப்படியிருந்தும் இந்தியாவில் சட்டக் கேள்விகள் எழுந்தன. பெயர் கொடுக்கும் நடிகை இந்த ஒரு விஷயத்துக்காகவே தனியாக ஒரு வக்கீலின் கருத்தைக் காசு கொடுத்து எழுத்தில் வாங்கலாம்.

ஒப்பந்தத்தில் "படத்தை ஆதரிப்பார்" என்று பொதுவாக எழுதினால் பின்னால் மனக்கசப்புதான் மிஞ்சும். எத்தனை திரையிடலுக்கு நேரில் வருவார், எத்தனை பேட்டி, தன் சமூக ஊடகப் பக்கத்தில் எத்தனை பதிவு, தளங்களோடு நடக்கும் பேச்சில் உட்காருவாரா, பணம் போடுகிறார் என்றால் திரும்பி வரும் வருமானத்தில் எத்தனையாவது வரிசை என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். இறுதி வெட்டு, அதாவது படம் கடைசியில் எப்படி அமையும் என்ற முடிவு, இயக்குநரிடமே இருக்கட்டும். அதை நடிகை கேட்கக்கூடாது. அவர் கேட்க வேண்டியது வேறு: ரஃப் கட்டில் இல்லாத புதிய பகுதி சேர்ந்தால் காட்டச் சொல்லும் உரிமை, மனம் ஒப்பாவிட்டால் பெயரை நீக்கிக்கொள்ளும் உரிமை. இவை போதும்.

நாட்கணக்கு என்று பார்த்தால் பார்ப்பதற்கும் பேசுவதற்கும் 5 நாள், வெளியீட்டை ஒட்டி 10 நாள். ஆனால் அந்தப் பத்து நாள் எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. 'விமன் ஆஃப் மை பில்லியன்' 2021-இல் லண்டனில் ஒரு விழாவில் திரையிடப்பட்டு 2024 மே மாதம்தான் ஓடிடிக்கு வந்தது. நடுவில் நடிகைக்கு நான்கு படம் முடிந்திருக்கும்.

முகம்: தன் கதையைத் தானே சொல்லும்போது

இந்த வழிக்குத்தான் தளங்கள் அதிகப் பணம் தருகின்றன, சிக்கலும் இங்கேதான் அதிகம். நடிகைக்கு மிகவும் இயல்பானதாகத் தோன்றும் ஒரு நினைப்பிலிருந்து சிக்கல் தொடங்குகிறது: "நான் நடித்த காட்சிதானே, என் முகம்தானே, என் படத்தில் போட்டால் என்ன?"

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, திரைப்படத்தின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். நடிகருக்கு நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது. ஆனால் நடிப்பைப் படத்தில் சேர்க்க எழுத்துமூலம் சம்மதித்துவிட்டால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தப் படத்தைத் தயாரிப்பாளர் அனுபவிப்பதை அவர் ஆட்சேபிக்க முடியாது. 38-ஏ பிரிவு சொல்வது இது. வணிகப் பயன்பாட்டுக்கான ராயல்டி கேட்கும் உரிமை மட்டும் அவரிடம் மிஞ்சும். காட்சியை எடுத்துத் தன் படத்தில் போட்டுக்கொள்ளும் உரிமை அதில் இல்லை. படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் 52-ஆவது பிரிவு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. கட்டணத் தளத்தில் வரும் வாழ்க்கைக் கதை அதற்குள் அடங்கும் என்று முன்கூட்டி நம்பி எடிட் செய்வது சூதாட்டம்.

நயன்தாரா படத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. 'நானும் ரௌடி தான்' படப்பிடிப்பில் எடுத்த, மூன்று நொடி ஓடும் காட்சி டிரெய்லரில் வந்தது. அந்தப் படத்தின் தயாரிப்பாளரான தனுஷ் தரப்பிலிருந்து 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்ததாக 2024 நவம்பர் 16 அன்று வெளியிட்ட திறந்த கடிதத்தில் அவரே சொன்னார். தடையில்லாச் சான்று கேட்டு நெடுங்காலம் காத்திருந்தும் கிடைக்கவில்லை என்பதும் அந்தக் கடிதத்தில் இருந்தது. தனுஷின் வுண்டர்பார் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. வழக்கை ஆரம்பத்திலேயே நிராகரிக்கும்படி நெட்ஃபிளிக்ஸ் தரப்பு கேட்டதை 2025 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று இங்கே பேசவில்லை. தொழில்முறையில் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. பதில் வராத கடிதம் சம்மதம் ஆகாது. காட்சி எத்தனை நொடி என்பதை வைத்துப் பிரச்சினையின் அளவு அமைவதில்லை. செட்டில் செல்போனில் எடுத்ததும் "நம்முடையது" ஆகிவிடாது. படப்பிடிப்பில் பதிவாகும் எல்லாம் தயாரிப்பாளருக்கே என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், யார் கைபேசி என்ற கேள்விக்கு அதிகம் பலமில்லை.

ஆகவே வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். வழக்கமாகப் பேட்டி எடுத்து, எடிட் செய்து, காட்சி தேவைப்படும் இடத்தில் படத்திலிருந்து வெட்டி ஒட்டிப் பார்த்து, அது அழகாக அமைந்ததும் அனுமதி கேட்கிறார்கள். அப்போது மறுப்பு வந்தால் படமே ஆட்டம் காணும். தயாரிப்பாளர் விலையை ஏற்றினாலும் மறுக்க வழியில்லை. எடிட்டர் முதல் நாள் உட்காருவதற்கு முன்பே ஓர் அட்டவணை தயாராக வேண்டும்: படத்தின் பெயர், காட்சி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், மொத்த நொடி, உரிமை யாரிடம், கடிதம் போன தேதி, பதில், கட்டணம், எந்தெந்த நாடு, எத்தனை ஆண்டு. "உரிமை யாரிடம்" என்ற கட்டத்தை நிரப்புவதற்கே மாதங்கள் ஆகும். தமிழ்ப் படங்களின் நெகட்டிவ் (மூலப் பிரதி) உரிமை, தொலைக்காட்சி உரிமை, இணைய உரிமை எல்லாம் தனித்தனியாகக் கைமாறியிருக்கும். பழைய படத்தின் தயாரிப்பாளர் நல்ல மனதோடு "எடுத்துக்கோம்மா" என்று சொல்லியிருப்பார். உரிமை அவரிடமே இல்லாமல் எப்போதோ விற்றுப்போயிருக்கும். வாய்ச்சொல்லை நம்பிப் போட்டால் வாங்கியவர் கேட்பார். பாட்டுக் காட்சி என்றால் படத்தின் உரிமையோடு இசை நிறுவனத்தின் உரிமையும் தனியாக வேண்டும்.

அனுமதி கிடைக்காத படத்துக்கு மாற்று வழிகளை முதலிலேயே எழுதிவைப்பது நல்லது. வீட்டில் இருக்கும் புகைப்படங்கள், கடிதங்கள், அந்தப் படத்தில் வேலை செய்த உடை வடிவமைப்பாளரோ உதவி இயக்குநரோ சொல்லும் நினைவு, படப்பிடிப்பு நடந்த இடத்தை இன்று போய் எடுக்கும் காட்சி. பல சமயம் காட்சித் துண்டைவிட இவையே படத்துக்கு உயிர் தருகின்றன. காசு கொடுத்து ஒருவரை எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே என்று சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. கல்யாண ஆல்பத்துக்கு இது பொருந்தும். பத்திரிகையின் புகைப்படக்காரர் எடுத்த படத்துக்குப் பொருந்தாது.

இனி கடைசிச் சொல். நடிகையே தயாரிப்பாளராகவும் இருந்து இறுதி வெட்டையும் வைத்துக்கொண்டால் அது நீண்ட விளம்பரமாகத்தான் பார்க்கப்படும், எவ்வளவு உண்மை பேசினாலும். முழுக்க இயக்குநரிடம் விட்டால் பழைய காதல், குடும்பச் சண்டை, மருத்துவ விவரம் என்று எது வெளியே வரும் என்ற பயம் இருக்கும், அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. நடுவழி ஒன்று இருக்கிறது. தொடக்கத்திலேயே தொடக்கூடாத விஷயங்கள் மூன்றோ நான்கோ எழுதிக் கையெழுத்திட்டு, மற்ற எல்லாவற்றையும் இயக்குநரிடம் ஒப்படைப்பது. ரஃப் கட்டைப் பார்த்துத் தகவல் பிழையைத் திருத்தலாம், கருத்தைத் திருத்தக்கூடாது. அந்தப் பட்டியல் பத்தைத் தாண்டினால் அந்தப் படத்தை எடுக்காமல் இருப்பதே மேல்.

பேட்டிகளை ஒரே நாளில் எட்டு மணி நேரம் எடுக்கக்கூடாது. இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு. முதல் அமர்வில் எல்லோரும் ஏற்கெனவே சொன்ன பதிலைத்தான் சொல்வார்கள், மூன்றாவதிலிருந்துதான் பேச்சு திறக்கும். ஐந்தும் ஒரே கெட்டப்பில் முடிய வேண்டும். நடுவில் ஒரு படத்துக்காக முடியை வெட்டிவிட்டால், ஒரே பதிலின் பாதி நீள முடியிலும் மீதி குட்டை முடியிலும் வந்து நிற்கும்.

இயக்கம்: மனதுக்கு மிகவும் நெருக்கம், நாட்களுக்கு மிகவும் பகை

கேமராவுக்கு முன்னால் பல வருடம் நின்றவருக்குப் பின்னால் நிற்கும் ஆசை வருவது இயற்கை. கனடாவின் சாரா பாலி சிறுவயதிலிருந்தே நடிகை. தன் தாயைப் பற்றியும் தன் பிறப்பைப் பற்றியும் குடும்பத்தினர் ஆளுக்கொன்றாகச் சொல்லும் கதைகளை வைத்து 2012-இல் 'ஸ்டோரீஸ் வி டெல்' எடுத்தார். ரோகிணியும் சாரா பாலியும் எடுத்த பொருளைக் கவனித்தால் ஒன்று தெரியும். இருவரும் தாங்கள் உள்ளிருந்து அறிந்த உலகத்தையே எடுத்தார்கள். நடிகை இயக்கும் முதல் ஆவணப்படத்துக்கு இதுவே நல்ல விதி. முன்பின் தெரியாத ஊருக்குப் போய் அங்கே உள்ளவர்களின் துயரத்தை எடுப்பதற்கு அங்கேயே தங்கும் காலம் வேண்டும். அந்தக் காலம் கால்ஷீட் வாழ்க்கையில் கிடைப்பதில்லை.

தெரிந்த முகம் என்பதே இங்கே இடைஞ்சல். கிராமத்தில் வண்டியை விட்டு இறங்கியதும் கூட்டம் கூடும், செல்ஃபி கேட்பார்கள். பேச வேண்டியவர் தன் வாழ்க்கையைச் சொல்வதை விட்டுவிட்டு நடிகைக்குப் பிடித்ததைச் சொல்லத் தொடங்குவார். முதல் இரண்டு மூன்று முறை கேமரா இல்லாமல், துணைக்கு ஒருவரோடு மட்டும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். பிறகு படப்பிடிப்புக்கு மூன்று பேர்: ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், இயக்குநர். கேரவனும் மேக்கப் உதவியாளரும் வந்தால் அந்த நாளே வீண். சில காட்சிகளை நடிகை அங்கே இல்லாமல் குழுவே எடுத்துவருவதுதான் சரியாக இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளும் மனம் முன்கூட்டியே வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 80 நிமிடப் படத்துக்கு 150 முதல் 200 மணி நேரம் பதிவாவது சாதாரணம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணிக்கு 45 ஜிபி. 200 மணிக்கு 9 டிபி. ஒரே வன்தட்டில் வைத்து இழந்தவர்கள் இத்துறையில் நிறைய உண்டு. ஆகவே மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். மொத்தம் 27 டிபி. ஒவ்வொரு பேட்டியையும் நேரக் குறிப்போடு எழுத்தில் இறக்க வேண்டும். எட்டு மாத எடிட்டிங் என்பது வேகமான எடிட்டிங். இந்த எட்டு மாதமும் இயக்குநர் வாரத்தில் மூன்று நாளாவது அந்த அறையில் இருக்க வேண்டும். வெளியூர்ப் படப்பிடிப்பிலிருந்து வாட்ஸ்ஆப்பில் "இந்த இடம் கொஞ்சம் இழுக்குது" என்று சொல்லி ஆவணப்படத்தை வெட்ட முடியாது. திரைக்கதை இல்லாத படத்துக்கு எடிட்டிங் அறையில்தான் திரைக்கதை எழுதப்படுகிறது.

வெளியிடும் வழியும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். திரையரங்கில் காட்டத் தணிக்கைச் சான்று கட்டாயம். ஓடிடிக்கு 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளமே வயது வகையைக் குறிக்கிறது. மும்பை சர்வதேசத் திரைப்பட விழா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் படங்களுக்காகவே நடக்கிறது. திருவனந்தபுரத்தில் கேரள மாநிலத் திரைப்பட அகாதெமியின் ஆவணப்பட, குறும்பட விழா இருக்கிறது. தமிழ்நாட்டில் மறுபக்கம் அமைப்பு 1998 முதல் மதுரையை மையமாக வைத்துத் திரையிட்டு வருகிறது. அங்கே வரும் பார்வையாளர்கள் கேட்கும் கேள்விகள் கூர்மையானவை, நடிகை என்பதற்காக விட்டுவிட மாட்டார்கள். முதல் படத்துக்கு அந்தக் கேள்விகள் தேவை. ஆஸ்கரைக் குறிவைப்பவர் நீளத்தை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 40 நிமிடம் வரை குறும்பிரிவு, அதற்கு மேல் முழுநீளம். பெயர்ப் பட்டியல் ஓடும் நேரமும் அதில் சேரும்.

யாருக்கு எது

அடுத்த 18 மாதத்துக்கு மூன்று படம் ஒப்புக்கொண்டு, அதில் ஒன்று பல மொழிப் பெரிய படம் என்றால், குரல் அல்லது பெயர். இரண்டில் பெயரே பயன் மிக்கது, உட்கார்ந்து பார்க்க 5 நாள் ஒதுக்க முடிந்தால். முடியாதென்றால் குரலோடு நிறுத்திக்கொள்வது நேர்மை. பார்க்காத படத்துக்குப் பெயர் கொடுப்பது அந்தப் படத்தில் வருபவர்களுக்கும் செய்யும் துரோகம்.

ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்க நான்கைந்து மாதம் இருந்து, தளம் ஒன்று வாழ்க்கைக் கதை கேட்டு வந்திருந்தால், உடனே பேட்டியைத் தொடங்கக்கூடாது. முதல் இரண்டு மாதத்தை உரிமை அட்டவணைக்கே கொடுக்க வேண்டும். முக்கியமான ஐந்து படங்களில் மூன்றுக்காவது எழுத்தில் அனுமதி வந்தால் தொடரலாம். வராவிட்டால் காட்சித் துண்டே இல்லாமல் கதையைச் சொல்ல இயக்குநரிடம் வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆண்டு வேண்டாம்.

இயக்கத்துக்கு, ஒரு வருடத்தில் ஒரே படம் என்று குறைத்துக்கொள்ளத் துணிந்தவர் மட்டுமே வரலாம். அப்படித் துணிந்தவருக்கு எங்கள் யோசனை: முதலில் 25 நிமிடப் படம், தன் தொழில் உலகத்திலிருந்தே ஒரு பொருள். துணை நடிகைகள், டூப் போடும் பெண்கள், செட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவர்கள், பின்னணிக் குரல் கலைஞர்கள். இவர்களிடம் நடிகைக்கு ஏற்கெனவே அறிமுகமும் நம்பிக்கையும் இருக்கிறது. ஆனால் சம்பளம், சங்கம், பாதுகாப்பு பற்றி அவர்கள் வெளிப்படையாகப் பேசினால் அடுத்த வேலை போகலாம். அவர்களுக்கு அந்தச் சங்கடம் வந்தால் முகத்தை மறைக்கவும் குரலை மாற்றவும் படம் வெளியாகும் நாள்வரை உரிமை உண்டு என்று சம்மதக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கடைசியாக, செய்தி வெளியிடுவது. குரல் என்றால் பதிவு முடிந்த பிறகு சொல்லலாம். பெயர் என்றால் ஒப்பந்தம் கையெழுத்தாகி, படத்தில் வருபவர்களிடம் இயக்குநர் நேரில் சொன்ன பிறகு. தங்கள் வாழ்க்கையோடு ஒரு நடிகையின் பெயர் சேர்ந்திருப்பதை அவர்கள் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. வாழ்க்கைக் கதை என்றால் உரிமைக் கடிதங்கள் கைக்கு வரும்வரை அறிவிக்கவே வேண்டாம். அறிவிப்பு வந்த மறுநாளே அனுமதியின் விலை ஏறும். நடித்த படத்தின் வெளியீட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் இடைவெளி விட்டால் தயாரிப்பாளருக்கும் மனவருத்தம் இருக்காது, ஆவணப்படமும் பட விளம்பரத்தில் கரைந்துபோகாது.